மேனுவல் கியர்பாக்ஸ் தேய்மானம்: எண்ணெயா, கிளட்சா, ஹாஃப்கட்டா?

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் விரா, கஞ்சில், பழைய சாகா, விவா மேனுவல் கார்களுக்குப் பெரும்பாலும் ஒரே வியாதிதான் முதலில் வரும். இரண்டாவது கியர் போடும்போது 'கர்ர்' என்று கடிக்கும். ஆரம்பத்தில் அவசரமாகப் போட்டால் மட்டும் கடிக்கும். பிறகு நிதானமாகப் போட்டாலும் கடிக்கும். பட்டறைக்குப் போனால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எண்ணெயை மாற்று என்பார் ஒருவர், ஒரு பாட்டில் மருந்து ஊற்று என்பார் இன்னொருவர். கிளட்ச் செட் மாற்றச் சொல்பவர்களும் உண்டு, கியர்பாக்ஸையே இறக்கி, பழைய காரிலிருந்து கழற்றிய ஹாஃப்கட் பாக்ஸை ஏற்றச் சொல்பவர்களும் உண்டு. நான்குக்கும் செலவு ஒன்றல்ல, பலனும் ஒன்றல்ல.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதலில் கிளட்ச் முழுதாக விடுபடுகிறதா என்று பாருங்கள். அடுத்து சரியான எண்ணெய். இந்த இரண்டும் சரியாகாமல் கியர்பாக்ஸைப் பிரிப்பதோ, வேறொன்று வாங்கி மாட்டுவதோ வீண் செலவு. கிளட்ச் முழுதாக விடுபடாமல் இழுத்துக்கொண்டிருந்தால் புதிதாகப் போட்ட பாக்ஸும் அதே மாதிரி தேயும்.

தேய்வது எது?

ஓடும்போது கியர் சக்கரங்களின் பற்கள் ஒன்றோடொன்று எப்போதும் கோர்த்தபடியேதான் இருக்கும். நாம் கியர் மாற்றும்போது நகர்வது சக்கரம் அல்ல, அதைத் தண்டோடு பூட்டும் ஸ்லீவ். அது நகர்ந்து கியரின் ஓரத்தில் உள்ள சிறு பற்களில் மாட்டுவதற்குமுன், இரண்டும் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். அந்த வேலையைச் செய்வது சிங்க்ரோ வளையம். பழைய கார்களில் இது பெரும்பாலும் பித்தளை. வளையத்தின் உள்பக்கம் கூம்பு வடிவில் இருக்கும். அதில் நுண்ணிய மரைகள் வெட்டியிருக்கும். கியரின் கூம்பின் மேல் அழுந்தும்போது அந்த மரைகளின் முனைகள் எண்ணெய்ப் படலத்தைக் கிழித்துக்கொண்டு உலோகத்தைப் பிடிக்கும். பிடித்தால்தான் வேகம் சமமாகும். முனைகள் தேய்ந்து தட்டையாகிவிட்டால் வளையம் எண்ணெயின் மேல் வழுக்கும், ஸ்லீவின் பற்கள் கியரின் பற்களில் போய் முட்டும். நாம் கேட்கும் 'கர்ர்' அதுதான்.

ஏன் இரண்டாவது கியர்? சிறிய கார்களில் முதல் கியரின் விகிதம் (வெளியே போகும் தண்டு ஒருமுறை சுற்ற, உள்ளே வரும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்பது) ஏறத்தாழ 3.4, இரண்டாவதன் விகிதம் ஏறத்தாழ 1.9. முதல் கியரில் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் போய்க்கொண்டிருந்து இரண்டாவதுக்கு மாற்றினால், உள்ளே சுற்றும் தண்டின் வேகம் ஏறத்தாழ 1,700-க்கு இறங்க வேண்டும். நான்கிலிருந்து ஐந்துக்கு மாற்றும்போது இவ்வளவு இறக்கம் கிடையாது. ஜாலான் கூச்சிங்கிலும் ஃபெடரல் நெடுஞ்சாலையிலும் காலை நெரிசலில் ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று என்று போட்டுக்கொண்டே இருப்பதால், அதிகச் சுமை தாங்கும் வளையமே அதிக முறை வேலை செய்கிறது.

கிளட்ச்: செலவு குறைந்தது, ஆனால் யாரும் முதலில் பார்ப்பதில்லை

பெடலை முழுக்க மிதித்தும் கிளட்ச் தட்டு முழுதாக விடுபடவில்லை என்றால், என்ஜின் கியர்பாக்ஸின் உள்தண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிக்கொண்டே இருக்கும். அப்போது சிங்க்ரோ வளையம் தண்டை மட்டுமல்ல, என்ஜினின் இழுப்பையும் எதிர்த்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதன் ஆயுளைக் குறைப்பதில் இதற்கு இணை வேறில்லை.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். என்ஜின் சூடானதும் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் ஐடிலில் விடுங்கள். கிளட்சை முழுக்க மிதித்து, ஐந்து விநாடி காத்திருந்து, ரிவர்ஸ் போடுங்கள். பல பழைய கார்களில் ரிவர்ஸுக்குச் சிங்க்ரோ கிடையாது. ஆகவே உள்தண்டு நின்றிருந்தால் சத்தமில்லாமல் விழும், இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால் கடிக்கும். ஐந்து விநாடிக்குப் பிறகும் கடித்தால் குற்றவாளி சிங்க்ரோ அல்ல, கிளட்ச். இன்னொரு அறிகுறி: எல்லாக் கியரும் கடினமாக விழுந்தால் கிளட்சைச் சந்தேகியுங்கள், ஒரே ஒரு கியர் மட்டும் தகராறு செய்தால் அந்தக் கியரின் சிங்க்ரோவைச் சந்தேகியுங்கள்.

கிளட்ச் இழுக்கிறது என்று தெரிந்ததும் செட் வாங்க ஓட வேண்டாம். பெடலுக்கு அடியில் பாருங்கள். கம்பளத்தின் மேல் ஒரு பாய், அதன் மேல் தடித்த ரப்பர் பாய் என்று அடுக்கியிருந்தால், பெடல் கடைசி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கவே இறங்காது. பாயை எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.

அடுத்தது கேபிள். கஞ்சில், விரா 1.5 போன்றவற்றில் கிளட்சுக்குக் கேபிள்தான். நாளானால் கேபிள் நீளும், பெடலின் வெற்று ஆட்டம் கூடும், கிளட்ச் விடுபடும் அளவு குறையும். பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தால், எதிர்ப்பு தெரியும்வரை எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கலாம். பல சிறிய கார்களில் இது 15 முதல் 30 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும்; உங்கள் காரின் சரியான அளவு கையேட்டில் இருக்கும். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் எப்போதும் அழுந்திச் சுற்றும், கிளட்ச் வழுக்கவும் தொடங்கும். கேபிளின் இழைகள் பிரிந்திருந்தால் சரிசெய்து பயனில்லை, மாற்றிவிட வேண்டும்.

திரவக் கிளட்ச் உள்ள கார்களில் மேல் சிலிண்டர், கீழ்ச் சிலிண்டர் இரண்டின் ரப்பரையும் பாருங்கள். கசிவின் ஈரம் பெடல் தண்டிலோ கீழ்ச் சிலிண்டரின் உறையிலோ தெரியும். இந்தக் கிளட்சில் இருக்கும் பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள்; நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிக் காற்றெடுப்பது நல்லது. பெடலை இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்ததும் கியர் நன்றாக விழுகிறது என்றால், லைனில் காற்று இருக்கிறது அல்லது சிலிண்டர் போய்விட்டது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது கியர் கம்பியின் புஷ். கியர் குச்சி நியூட்ரலில் இப்படியும் அப்படியும் தாராளமாக ஆடினால், கீழே இணைப்பில் உள்ள பிளாஸ்டிக் அல்லது ரப்பர் புஷ்கள் போயிருக்கும். நாம் முழுக்கத் தள்ளியதாக நினைப்போம். உள்ளே ஸ்லீவ் பாதிதான் மாட்டியிருக்கும். பற்களின் நுனி மட்டும் சுமையைத் தாங்கினால் அவை மழுங்கி, சில மாதங்களில் கியர் தானாக வெளியே குதிக்கும். என்ஜின் மவுண்டிங் கிழிந்திருந்தாலும் இதேதான் நடக்கும். சில்லறைச் செலவில் தீரும் இந்த இரண்டையும் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கச் சொல்லும் பட்டறையை விட்டு விலகுவதே நல்லது.

எண்ணெய்: ஜி.எல்-4 எதற்கு, ஜி.எல்-5 எதற்கு

பட்டறையில் 'மின்யாக் கியர்' என்று மட்டும் கேட்டால், டிரம்மில் இருப்பதை ஊற்றிவிடும் வாய்ப்பு உண்டு. அந்த டிரம்மில் இருப்பது பெரும்பாலும் 80டபிள்யூ-90 ஜி.எல்-5 (முதல் பகுதி தடிமன், ஜி.எல் என்பது கியர் எண்ணெயின் தர வகை). லோரியின் பின் ஆக்சிலுக்கு அது மிகச் சரியான எண்ணெய். உங்கள் கியர்பாக்ஸுக்கு அல்ல.

காரணம் இதுதான். பின் ஆக்சிலில் உள்ள, மையம் விலகிக் குறுக்காகக் கோர்க்கும் ஹைப்பாய்ட் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே பெரும் சுமையைத் தாங்குகின்றன. அதற்காக ஜி.எல்-5 எண்ணெயில் கந்தக-பாஸ்பரஸ் சேர்க்கை ஜி.எல்-4-ஐப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். சிங்க்ரோ வளையத்துக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: கொஞ்சம் உராய்வு. அளவுக்கு மீறி வழுக்கும் படலம் இருந்தால் வளையம் பிடிக்கத் தாமதமாகும். இன்னொன்று, சூட்டில் வீரியமாகும் கந்தகம் பித்தளையை அரிக்கும். இன்றைய ஜி.எல்-5 எண்ணெய்கள் சிலவற்றில் கந்தகத்தின் வீரியத்தை அடக்கியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் உராய்வுப் பிரச்சினை அப்படியேதான் இருக்கும். 'ஜி.எல்-4/ஜி.எல்-5' என்று இரண்டையும் டப்பாவில் எழுதியிருந்தால், அதை ஜி.எல்-5 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

முன்சக்கர இழுவைக் கார்களில் டிஃபரன்ஷியலும் அதே பெட்டிக்குள் இருக்கிறதே, அதற்கு ஜி.எல்-5 வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. என்ஜினைக் குறுக்காக வைத்த கார்களில் அங்கே இருப்பது ஹைப்பாய்ட் அல்ல, சாதாரணச் சாய்பல் சக்கரம். ஆகவே ஜி.எல்-4 போதும். சுபாரு போன்றவற்றில் ஹைப்பாய்டும் ஒரே எண்ணெயில் குளிக்கிறது. அவற்றுக்குக் கையேடே ஜி.எல்-5 கேட்கிறது. ஹைலக்ஸ், பழைய வெனெட் போன்ற பின்சக்கர வண்டிகளில் கியர்பாக்ஸ் வேறு, பின் ஆக்சில் வேறு. எண்ணெயும் வேறு வேறாக இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே டப்பாவைத் திறக்க விடாதீர்கள்.

தடிமனுக்கு வருவோம். 90 என்ற எண்ணைப் பார்த்து, என்ஜின் எண்ணெய் 40-ஐவிட இரண்டு மடங்கு தடிமன் என்று நினைப்பவர்கள் உண்டு. இரண்டும் வெவ்வேறு அளவுகோல். 100 டிகிரி செல்சியஸில் கியர் எண்ணெய் 90 என்பது 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (எண்ணெயின் தடிமனை அளக்கும் அலகு), என்ஜின் எண்ணெய் 40 என்பது 12.5 முதல் 16.3. கிட்டத்தட்ட பக்கத்துப் பக்கத்து வீடுகள். 'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண் கடுங்குளிரில் எண்ணெய் எப்படி ஓடும் என்பதைச் சொல்வது; விடியற்காலையிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே அதிகம் போகாத கோலாலம்பூரில் அதற்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் 75டபிள்யூ எண்ணெய்கள் பெரும்பாலும் சிந்தெடிக் அல்லது அரை சிந்தெடிக். அவை சூட்டில் மெதுவாகவே கெடும், கிளம்பிய முதல் பத்து நிமிடத்தில் வளையம் படலத்தைக் கிழிப்பதும் சுலபம். சிந்தெடிக்குக்குக் கூடுதல் விலை கொடுக்க இந்த இரண்டு காரணங்கள் போதும்.

ஆகவே, கையேடு ஜி.எல்-4 கேட்கும் கார் என்றால் 75டபிள்யூ-85 அல்லது 75டபிள்யூ-90 ஜி.எல்-4 எங்கள் தேர்வு. காசு இடிக்கிறதென்றால் 80டபிள்யூ-90 மினரல் ஜி.எல்-4-உம் சரிதான், மாற்றும் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் ஓடும் காருக்கு மினரல் என்றால் 40,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டு. நல்ல சிந்தெடிக்கை 60,000 வரை விடலாம். மோசமான சிந்தெடிக் ஜி.எல்-5-ஐவிட மலிவான மினரல் ஜி.எல்-4 சிங்க்ரோவுக்கு நல்லது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

ஹோண்டாவுக்குக் கதை வேறு. 1990-களின் பழைய ஹோண்டா மேனுவல்களுக்கு 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 என்ஜின் எண்ணெயையே கையேடு கேட்டது. பிறகு வந்தவற்றுக்கு ஹோண்டாவின் சொந்த மேனுவல் கியர்பாக்ஸ் எண்ணெயான எம்.டி.எஃப். அவற்றில் 75டபிள்யூ-90 ஊற்றினால் தடிமன் கூடி கியர் விறைப்பாகும். ஆட்டோ கியர்பாக்ஸ் எண்ணெயான ஏ.டி.எஃப் கேட்கும் மேனுவல் பாக்ஸ்களும் உலகில் உண்டு. ஆனால் ஜி.எல்-4 கேட்கும் பாக்ஸில் 'லேசாக விழும்' என்று சொல்லி ஏ.டி.எஃப் ஊற்றினால், கியர் லேசாகத்தான் விழும். பற்களுக்கும் பேரிங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய படலம் மெலிந்துவிடும். சில மாதம் கழித்து ஊளைச் சத்தம் தொடங்கும்.

மாற்றும் முறை

சிறிய முன்சக்கர இழுவைக் கார்களுக்குப் பொதுவாக இரண்டு முதல் இரண்டரை லிட்டர் போகும்; மூன்று லிட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுச் சாய்த்து வைத்து இந்த வேலையைச் செய்யவே கூடாது. நான்கு மூலையும் ஒரே மட்டத்தில், ஸ்டாண்டில் நிற்க வேண்டும். முதலில் மேலே உள்ள நிரப்பும் பிளக்கைத் திறந்துவிட்டுத்தான் கீழே உள்ளதைத் தொட வேண்டும். எண்ணெயை வடித்த பிறகு மேல் பிளக் துருவேறித் திறக்க முடியாமல் போனால், காரை அங்கிருந்து நகர்த்த முடியாது.

பதினைந்து நிமிடம் வடியட்டும். அதற்குள் கீழ்ப் பிளக்கைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். நுனியில் காந்தம் இருந்தால் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் மாவாக வருகிறதென்றால் இயல்பான தேய்மானம், துடைத்துவிடுங்கள். நகத்தில் தட்டுப்படும் துணுக்கு, ஊசி மாதிரி செதில் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. காந்தத்தில் ஒட்டாமல் எண்ணெயில் பொன் தூள் மாதிரி மினுங்கினால் அது சிங்க்ரோ வளையத்தின் பித்தளை. கொஞ்சம் மினுங்குவது பழைய பாக்ஸில் சகஜம். வடிகட்டும் தட்டின் அடியில் படலமாகப் படிகிறது என்றால் வளையத்துக்கு வயதாகிவிட்டது. எண்ணெய் பால் கலந்தது போல் வெளிறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடா போன்ற இடங்களில் மூழ்கிய கார்களுக்கு என்ஜின் எண்ணெயோடு கியர் எண்ணெயையும் மாற்ற வேண்டியிருந்தது இதனால்தான். பாக்ஸின் மேலே உள்ள மூச்சுக்குழாய் வழியே தண்ணீர் உள்ளே போகும். சக்கரத்தின் மையத்துக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் யோசிக்காமல் வடித்துவிடுங்கள், சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை மாற்றுங்கள்.

புது வாஷர் போட்டு கீழ்ப் பிளக்கை மூடுங்கள். உறை அலுமினியம், நீளமான கம்பி மாட்டி இறுக்கினால் மரை கிழியும். மேல் துவாரம் வழியே குழாயுடன் கூடிய பம்பால் நிரப்பி, துவாரத்தின் கீழ் விளிம்பில் வழியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அதுதான் அளவு. கூட ஊற்றினால் நுரைக்கும், ஆக்சில் சீல் வழியே கசியும். குறைந்தால் பல பாக்ஸ்களில் முதலில் காய்வது ஐந்தாவது கியர்; அது பெட்டியின் கடைசி மூலையில், தனி மூடிக்குள் இருக்கிறது. பெரும்பாலான கியர்பாக்ஸுக்கு டிப்ஸ்டிக் கிடையாது என்பதால் சீல் கசிவு மாதக்கணக்கில் தெரியாமலே போகும். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் இரண்டு ஆக்சில் சீலையும் துடைத்துப் பாருங்கள்.

எல்லாம் சேர்த்து இந்த வேலை பொதுவாக இருநூறு வெள்ளிக்குள் அடங்கும்.

பாட்டில் மருந்துகள்

டெஃப்லான், மாலிப்டினம் என்று பெயர் போட்டு வரும் சேர்க்கைகள் சிங்க்ரோ கடிப்பதற்கு மருந்தாகாது. அவை உராய்வைக் குறைப்பவை. சிங்க்ரோவுக்கு உராய்வு வேண்டும். சத்தமிடும் பேரிங்கின் சத்தத்தைக் கொஞ்ச நாள் அடக்கலாம், அவ்வளவுதான். அந்தக் காசில் நல்ல எண்ணெய் வாங்குங்கள்.

ஓட்டும் விதம்

காசில்லாமல் தேய்மானத்தைக் குறைக்கும் வழி கையிலும் காலிலும் இருக்கிறது. கியர் குச்சியின் மேல் கையை ஓய்வுக்கு வைக்காதீர்கள்; அந்தச் சிறு அழுத்தம் உள்ளே ஸ்லீவைத் தள்ளும் ஃபோர்க்கை, சுற்றும் ஸ்லீவின் பள்ளத்தில் ஓயாமல் உரசவிடும். சிவப்பு விளக்கில் கிளட்சை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள், ரிலீஸ் பேரிங் பிழைக்கும். கார் முழுதாக நிற்காமல் ரிவர்ஸைத் தொடாதீர்கள்.

நெரிசலில் முன்னால் உள்ள காரை ஒட்டி ஒட்டிப் போகாமல் கொஞ்சம் இடைவெளி விட்டு இரண்டாவது கியரிலேயே உருள விடுங்கள். உருளும்போதே முதல் கியருக்கு இறக்குவதுதான் அந்தக் கியரின் வளையத்துக்கு ஆகாத வேலை: இரண்டாவதில் 2,000 சுற்றில் போகும்போது முதலைப் போட்டால் உள்தண்டு ஒரே நொடியில் ஏறத்தாழ 3,600-க்குத் துள்ள வேண்டும். கட்டாயம் இறக்கத்தான் வேண்டும் என்றால் இரட்டைக் கிளட்ச் போடுங்கள். மிதித்து நியூட்ரல், விட்டு லேசாக ஆக்சிலரேட்டர், மறுபடி மிதித்து கியர். தேய்ந்த சிங்க்ரோவுள்ள காரைக்கூட இப்படிக் கடிக்காமல் பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம்.

காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஏற்றத்தில் ஐந்தாவதிலேயே என்ஜின் முனக முனக ஏற்றாதீர்கள். குறைந்த சுற்றில் நிறைந்த சுமை பேரிங்கையும் ஐந்தாவது கியரையும் அதிர வைக்கும். நான்கு, தேவைப்பட்டால் மூன்று.

பிரிப்பதா, ஹாஃப்கட்டா

கிளட்சும் எண்ணெயும் சரியான பிறகும் கடிக்கிறது என்றால்தான் இந்தக் கேள்வியே எழும். சத்தத்தைப் பிரித்துக் கேளுங்கள். நியூட்ரலில் ஊளையிட்டு, கிளட்சை மிதித்ததும் நின்றால் உள்தண்டு பேரிங். மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். அதற்குப் பாக்ஸைப் பிரிக்க வேண்டாம், இறக்கினால் போதும். வெனெட் போன்ற பின்சக்கர வண்டிகளில் நான்காவது கியரில் மட்டும் சத்தம் அடங்கினால் துணைத்தண்டின் பேரிங்கோ பற்களோ போயிருக்கின்றன; நான்காவதில் சுமை துணைத்தண்டு வழியாக இல்லாமல் நேராகப் போய்விடும்.

ஒன்றிரண்டு கியர் மட்டும் கடித்து, ஊளையும் குதிப்பும் இல்லை என்றால் பிரித்து வளையம் மாற்றுவதே எங்கள் தேர்வு. உங்கள் பாக்ஸின் வரலாறு உங்களுக்குத் தெரியும், விகிதமும் மாறாது. வளையத்தைக் கியரின் கூம்பில் அழுத்தி, இரண்டுக்கும் இடையே ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல ஜப்பானியப் பாக்ஸ்களில் இடைவெளி ஏறத்தாழ அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வளையம் முடிந்தது. புது வளையத்தை மாட்டுமுன் கியர் எண்ணெயில் ஊற வைக்க வேண்டும். ஸ்லீவின் பல்நுனி மழுங்கியிருந்தால் வளையத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஸ்லீவும் சேர்த்தே. பிரஸ் இல்லாமல் சுத்தியலால் பேரிங்கைத் தட்டி ஏற்றும் இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பல் உடைந்திருந்தால், உறையில் விரிசல் இருந்தால், எண்ணெயில்லாமல் ஓடிப் பல பேரிங் ஒன்றாகப் போயிருந்தால் ஹாஃப்கட் மலிவாக முடியும். சாமான் ஒவ்வொன்றாக வாங்கினால் பாக்ஸ் விலையைத் தாண்டிவிடும். ஆனால் ஹாஃப்கட் என்பது வேறொருவர் தேய்த்த பாக்ஸ். கடையிலேயே கீழ்ப் பிளக்கைத் திறந்து காந்தத்தைப் பாருங்கள். தவுக்கே மறுத்தால் அடுத்த கடை. உள்தண்டைக் கையால் சுற்றுங்கள், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். பாக்ஸின் குறியீட்டை உங்களுடையதோடு ஒப்பிடுங்கள்: ஃபைனல் டிரைவ் (சக்கரத்துக்குப் போகுமுன் உள்ள கடைசிக் கியர்) விகிதம் மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும், நெடுஞ்சாலையில் சுற்றும் மாறும். ஸ்பீடோ கேபிளா சென்சாரா, தண்டின் பள்ளங்களின் எண்ணிக்கை, மவுண்டிங் துளைகள் ஆகியவற்றையும் பொருத்திப் பாருங்கள்.

எதைத் தேர்ந்தாலும், பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிளட்ச் தட்டு, கவர், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்சீல், இரண்டு ஆக்சில் சீல் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள். இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிது, சீலின் விலை அல்ல. புது வளையம் போட்ட பாக்ஸானாலும் வாங்கி மாட்டிய பாக்ஸானாலும், முதல் 1,000 கிலோமீட்டரில் எண்ணெயை ஒருமுறை வடித்துப் புதிதாக ஊற்றுங்கள்; பிளக்கில் ஒட்டியிருப்பது மாவா, துணுக்கா என்று அப்போதும் பாருங்கள். துணுக்கு இருந்தால் உத்தரவாதம் முடிவதற்குள் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.